கடித்த ரொட்டிகள் தொங்கிய சுவர்

யோப் என்ற ஹாலந்துக்காரன் தன் ஊரில் காலை ஏழு நாற்பது ரயிலில் அலுவலகத்துக்கு ஏறி, மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கியபோது எங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டாம் கிலோமீட்டரில் நின்றான். நவம்பர் மாதம். பாமீர் மலைச் சாலையில் முழங்கால் உயரத்துக்குப் பனி. பளபளக்கும் கறுப்புக் காலணியும் தோளில் கணினிப் பையுமாக இருந்த அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, நெட்டிலிங்கம் போல் நெடுநெடுவென்று வளர்ந்த பாப்ளர் மரங்களைத் தாண்டி, நீலக் கதவு போட்ட வீட்டை நோக்கி நடந்தான். அது அவனுக்கு மூன்றாவது முறை. கதவைத் திறந்த சவ்ரிநிசோ முதலில் அவன் கால்களைத்தான் பார்த்தாள். "மறுபடியும் நீயா? போன தடவையே சொன்னேனில்ல, ஒழுங்கா ஒரு பூட்ஸ் வாங்கிக்கோன்னு," என்றாள். பிறகு சமையலறைச் சுவரிலிருந்து அவன் பெயர் எழுதிய ரொட்டியை எடுக்கப் போனாள்.

எங்கள் ஊருக்கு ஒரு பெயர் உண்டு. அரசாங்க வரைபடத்தைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. சாலையோரக் கல்லில் இருக்கும் எண்தான் ஊர். இங்கே ஒருவன் பட்டாளத்துக்கோ ரஷ்யாவுக்கோ கிளம்பும்போது வாசலில் வைத்து ஒரு வட்ட ரொட்டியை நீட்டுவார்கள். அவன் ஓரத்தில் ஒரு வாய் கடிப்பான். மிச்சத்தைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். திரும்பி வந்து அவன்தான் அதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. அது தொங்கும் வரையில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், வருகிறவனுக்குக் கதவு திறக்க.

சவ்ரியின் கணவன் சைஃபிதீன் ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதக் காலையில் கட்டட வேலைக்கு ரஷ்யா போனான். பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பல் இரண்டும் போனவன். பேசினால் விசில் சத்தம் வரும், நல்ல சிரிப்பு. முதல் இரண்டு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் ஃபோன் செய்தான். மூன்றாம் வருடம் பெருநாளைக்கு மட்டும். அதன் பிறகு இல்லை. அங்கே அவனுக்கு ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாக, கூட வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சொன்னார்கள். சவ்ரி எதிர்க் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டாள். குஜந்த் நகரில் இருந்த அவள் அக்கா சுலைகோ, தன் வீட்டில் ஓர் அறையைக் காலியாக வைத்துக்கொண்டு வருடா வருடம் கூப்பிட்டாள். அந்த அறையிலிருந்து பார்த்தால் ஆற்றங்கரைப் பூங்கா தெரியும், குழாயில் வெந்நீர் வரும். சவ்ரிக்குப் போக ஆசைதான். முதுகு வலித்தது, வீடு பெரியது, குளிர்காலம் ஆறு மாதம். ஆனால் பச்சைப் பூப்போட்ட துணியில் சைஃபிதீனின் ரொட்டி சுவரில் தொங்கியது. "அது இருக்கிற வரைக்கும் நான் எப்படிக்கா வீட்டைப் போட்டுட்டு வர்றது?" என்று ஃபோனை வைத்துவிடுவாள்.

அவன் போன மறு வருடம் அவள் இரண்டு அறைகளைச் சுண்ணாம்பு அடித்துப் பயணிகளுக்கு விட்டாள். சொந்தமாக ஊர் சுற்றும் வெளிநாட்டார்கள் சைக்கிளிலும் லாரியிலும் நடந்தும் இந்தச் சாலையில் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் வாத்தியார் நஜ்முதீன், எங்கள் வழக்கில் முஅல்லிம், அவளுக்காகப் பலகை எழுதிக் கொடுத்தார். முதல் விருந்தாளி யோப். அவன் கிளம்பிய காலையில் சவ்ரி ஒரு ரொட்டியை நீட்டினாள். வெறும் வாயோடு ஒருவரை வழியனுப்புவது எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராத காரியம். அவனோ அதை உள்ளூர்ப் பலகாரம் என்று நினைத்து மரியாதைக்கு ஒரு வாய் கடித்தான். மிச்சத்தை அவள் பழக்கத்தில் துணியில் சுற்றி மாட்டினாள். கிழக்கே கணவாயைத் தாண்டி அடுத்த நாட்டுக்குள் இறங்கிய யோப், பதினோராம் நாள் அதே சாலையில் அதே திசையில் போய்க்கொண்டே எங்கள் ஊருக்கு மேற்கிலிருந்து வந்து சேர்ந்தான். ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சாலை அவனை விட்டது. ஆனால் புறப்படும்போது சவ்ரி இன்னொன்றை நீட்டினாள்.

எட்டு வருடத்தில் அந்தச் சுவரில் அறுபத்து நான்கு ரொட்டிகள் சேர்ந்தன. எங்கள் காற்று வறண்டது. எதுவும் பூசணம் பிடிக்காது, கல்லாகிவிடும். மார்செய்யில் கப்பல் ஏறியவர்கள் வந்தார்கள். சியோலில் மின்தூக்கிக்குள் நுழைந்த ஒரு பெண் எங்கள் கோழிக்கூண்டிலிருந்து வெளியே வந்தாள். கடவுச்சீட்டில் நுழைந்த முத்திரை இல்லாமல் இவர்களை என்ன செய்வதென்று மாவட்ட அதிகாரி முதலில் தலையைப் பிய்த்துக்கொண்டார். பின்பு 'ஏற்கெனவே உள்ளவர்' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டார். வந்தவர்கள் ஆச்சரியப்படுவதை இரண்டாம் முறையோடு நிறுத்திவிட்டார்கள். களைத்துப்போய் வருவார்கள், காலுறையைக் கழற்றுவார்கள், தூங்குவார்கள். சவ்ரியும் களைத்துப்போயிருந்தாள். ஒரே முகங்கள், ஒரே படுக்கை விரிப்புகள். நஜ்முதீன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "நீ ரொட்டியைக் காட்டாம அனுப்பினாத்தான் என்ன, தங்கச்சி? அதுங்க பாட்டுக்குப் போயிடும்ல?"

"நீங்க உங்க வீட்டு விருந்தாளியை அப்படி அனுப்புவீங்களா, முஅல்லிம்?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

விருந்தாளிகள் எழுதுவதற்கென்று ஒரு தடித்த நோட்டு இருந்தது. அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படும் விஷயங்களை அதில் எழுதுவார்கள். நஜ்முதீன் வாசித்துச் சொல்லுவார். வேன் நிரம்பினால்தான் கிளம்பும், காத்திருக்கும்போது படிக்க இரண்டு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும், இடப்பக்கம் பாறை தெரியும்; பயந்தவர்கள் பாறையைப் பாருங்கள். அனுமதித் தாளை நாலு பிரதி எடுங்கள், சோதனைச் சாவடிக்கு ஒன்று போய்விடும். நாய் துரத்தினால் ஓட வேண்டாம், கல்லெடுப்பதுபோலக் குனிந்தால் போதும். உயரமான ஊரில் முதல் நாள் ஏறாதீர்கள், படுங்கள். இப்படி நாற்பது பக்கம். நாற்பத்தோராம் பக்கத்தில் யாரோ பெரிய எழுத்தில், 'கடைசி நாள் அந்த அம்மா நீட்டும் ரொட்டியைக் கடிக்காதீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே வேறு மையில், 'படித்தேன். ஆனாலும் கடித்தேன், அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை' என்று இருந்தது. அதன் கீழே ஒன்பது பேர் 'நானும்' என்று எழுதியிருந்தார்கள்.

இந்த வருடங்களில் சவ்ரியும் மூன்று முறை ஊரைவிட்டுக் கிளம்பினாள். அப்போதெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்ள நஜ்முதீனின் மனைவியை உட்கார வைத்துவிட்டுப் போனாள். முதல் முறை அக்கா மகள் கல்யாணத்துக்கு, பாறை சரிந்தது. இரண்டாம் முறை முதுகுக்கு வைத்தியம் பார்க்க, பாலம் போய்விட்டது. மூன்றாம் முறை சாலை நன்றாகவே இருந்தது. வேன்காரன் ஷோத்மோன் தலைநகரை நோக்கி எட்டு மணி நேரம் ஓட்டி, சாயங்காலம் பிரேக் போட்டபோது எதிரே நீலக் கதவு. வேனில் இருந்த மற்றவர்கள் தலைநகரில் இறங்கிப் போயிருந்தார்கள். "நான் வழி மாறவே இல்ல அக்கா, என் பிள்ளை மேல சத்தியம்," என்றான் அவன். சவ்ரி இறங்கிப்போய் அடுப்பு மூட்டினாள். மலைச் சாலை அப்படித்தான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

யோப் வந்துபோன பின் வந்த ஏப்ரலில் ஒரு சின்ன நில நடுக்கம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சவ்ரியின் சமையலறையில் அறுபத்து நான்கு ரொட்டிகளும், பச்சைத் துணியில் இருந்த அறுபத்தைந்தாவதும் தரையில் விழுந்தன. துணிகள் அவிழ்ந்து, பெயர்ச் சீட்டுகள் அடுப்புச் சாம்பலில் கலந்தன. இனி யார் ரொட்டி எது என்று தெரியாது. ஒருவருடையதை இன்னொருவர் தின்றால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே சவ்ரிக்குத் தலை சுற்றியது. அப்போது வீட்டில் வெரேனா இருந்தாள். சுவிட்சர்லாந்துக்காரி, அறுபத்தெட்டு வயது, சைக்கிளில் வருகிறவள். நான்கு முறை வந்ததில் எங்கள் பேச்சை நன்றாகவே கற்றிருந்தாள். வேலை பார்த்த காலத்தில் பல் வைத்தியம் செய்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாவு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடித்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது யோப். இது அந்தக் கொரியாப் பொண்ணு, மேல கம்பி போட்டிருந்தா. இது நான்," என்று பிரித்து வைத்தாள். நஜ்முதீன் புதுச் சீட்டு எழுதினார். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

"அது என் வீட்டுக்காரரோடது. அதைக் கொடு, நான் மாட்டிக்கிறேன்," என்றாள் சவ்ரி.

வெரேனா கொடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரருக்கு முன்பல்லு இல்லைன்னு சொன்னியே. இதுல மேல ரெண்டு பல்லும் முழுசாப் பதிஞ்சிருக்கு. தாடையும் சின்னது. கீழ ஒரு பல்லு பக்கத்துப் பல்லு மேல ஏறிக் கிடக்கு. எங்க, வாயைத் திற."

"என் வாயில என்ன இருக்கு?"

"திற, சவ்ரி."

அவள் திறக்கவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். நஜ்முதீனைப் பார்த்துப் பேசினாள். "வேன்காரன் ஹார்ன் அடிச்சிட்டே இருந்தான், முஅல்லிம். நான் நீட்டினேன். 'பல்லு வலிக்குது, விடு'ன்னு சொல்லிட்டு ஏறிட்டார். ஊரே வாசல்ல நிக்குது. முழு ரொட்டியோட நான் எப்படி உள்ள வர்றது? கதவுக்குப் பின்னால வந்து நானே ஒரு வாய் கடிச்சேன். அப்புறம் அவர்தான் கடிச்சார்னு நானே நம்பிட்டேன்."

"அதான் மூணு தடவையும் போக முடியாம திரும்பி வந்திருக்கே," என்றார் நஜ்முதீன்.

"அது ரோடு சரியில்லாம."

"ரோடு என்னைக்குத்தான் சரியா இருந்துச்சு? மத்தவங்க போய்ச் சேரலையா?"

சவ்ரி ரொட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பாவம், அந்த மனுஷனைப் போய் ஒன்பது வருஷமாத் திட்டிட்டு இருந்தேன். அவர் வர்றதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல," என்றாள். அழவில்லை. வெரேனாவிடம், "உனக்கு வேற வேலை இல்லையா, கிழவி?" என்று கேட்டாள். "இல்ல, அதான் சைக்கிள் ஓட்டுறேன்," என்றாள் அவள்.

ரொட்டியைச் சாப்பிட்டு முடிக்க மூன்று நாள் ஆனது. சர்க்கரைக் கட்டி உடைக்கும் சுத்தியலால் அதை உடைத்து, பாலும் உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரில் ஊறவைத்தாள். சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு துணுக்கும் மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் மாதம் கிளம்பினாள். ஒரு பை, ஒரு போர்வை. வீட்டைப் பூட்டவில்லை, அறுபத்து நான்கு பேருக்குக் கதவு திறக்க ஆள் வேண்டும், ஆள் இல்லையென்றால் கதவாவது திறந்திருக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரஷ்ய எழுத்தில் எழுதினாள், அதை நஜ்முதீன் ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தார்: கெட்டில் அடுப்புக்குப் பின்னால் இருக்கிறது. மாவு மூட்டையை மூடி வையுங்கள், எலி வரும். விரிப்பை நீங்களே துவையுங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஷோத்மோன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். வாசலில் ஊரே நின்றது. நஜ்முதீன் தன் மனைவி அன்று காலை சுட்ட ரொட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். சவ்ரி அதைப் பார்த்தாள், எங்கள் எல்லோரையும் பார்த்தாள். "வேண்டாம், முஅல்லிம். பல்லு வலிக்குது," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறி வலப்பக்கம், மேற்கே போகும்போது பாறை தெரிகிற இருக்கையில் உட்கார்ந்தாள். முந்நூற்றுப் பதினொன்று, முந்நூற்றுப் பத்து என்று வண்டி நேராகப் போனது. சாயங்காலம் ஷோத்மோன் தலைநகரிலிருந்து ஃபோன் செய்து, சவ்ரி அக்கா பஜார் பக்கத்தில் இறங்கி, குஜந்த் வண்டியையும் பிடித்துவிட்டார்கள் என்றான். முழு ரொட்டியை மாட்டி வைக்கிற வழக்கம் இல்லை. ஆறுவதற்குள் நாங்களே தேநீரோடு அதைச் சாப்பிட்டு முடித்தோம்.

நவம்பரில் யோப் வந்தான். ஏழு நாற்பது ரயிலிலிருந்து இறங்கியபோது காலில் நல்ல கனத்த பூட்ஸ் இருந்தது. ஆறு மாதமாக அதைத்தான் அலுவலகத்துக்குப் போட்டுப் போவதாகச் சொன்னான். நோட்டைப் படித்தான், கெட்டிலைக் கண்டுபிடித்தான், ஈரமான கோட்டைச் சைஃபிதீனின் ஆணியில் மாட்டினான். நான்கு நாள் தங்கித் தன் ரொட்டியைத் தின்று முடித்தான். கிளம்புகிற காலையில் நீட்டுவதற்கு ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டில் ஒரு ரொட்டி கேட்டு வாங்கி, தானே ஒரு வாய் கடித்து, துணியில் சுற்றி, பெயர் எழுதி மாட்டிவிட்டு, கதவைச் சாத்தாமல் போனான்.