யார் பேரும் இல்லாமல்

பெரியக்கா தம்பியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. விறைத்த கழுத்துக்கு அந்தப் பொத்தான் எட்டவில்லை. விடாமல் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். நாலு பேர் பார்க்க வருகிற நேரத்தில் அவள் வீட்டுப் பிள்ளை ஏனோதானோவென்று கிடக்கக் கூடாது.

"முதலாளி வந்திருக்கார் அண்ணி," என்றாள் தம்பி மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

"யாரு, கோந்தா?"

தம்பி வேலை பார்த்த பட்டறையில் அவருக்கு அதுதான் பேர். யார் செய்த பொருளைத் தொட்டாலும் அவர் பேர் அதில் ஒட்டிக்கொள்ளும். கால் இழந்தவர்களுக்காகத் தம்பி வருடக்கணக்கில் உழைத்து ஒரு செயற்கை முழங்கால் மூட்டைச் செய்தான். படி இறங்கும்போது தானாகப் பூட்டிக்கொண்டு ஆளை விழாமல் தாங்கும். அதற்குக் காப்புரிமை கேட்டுப் போன மனுவில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் கோந்தின் பேர் மட்டுமே இருந்தது.

முதலாளி பெரிய மலர்வளையத்தைச் சவப்பெட்டியின் காலடியில் சாய்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார்.

"என் வலது கையே போயிடுச்சுக்கா."

"உங்க கை பத்திரமாத்தான் இருக்கு. போனது எங்க வீட்டுப் பிள்ளை. உக்காருங்க."

உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்த நேரத்துல பேசக் கூடாதுதான். அடுத்த வாரம் விசாரணை. போட்டிக் கம்பெனிக்காரன் நம்ம மனுவுக்கு ஆட்சேபம் போட்டிருக்கான். மனு போடறதுக்கு முன்னாடியே தம்பி ஒரு காலேஜ்ல அந்த மூட்டை எல்லாருக்கும் காட்டிட்டாராம். அதை எடுத்த வீடியோ அவர் போன்ல மட்டும்தான் இருக்கு. அதை அழிச்சிடுங்க. மனுவுல அவர் பேரை முதல்ல போட்டுடறேன். என் பேரு அதுக்குக் கீழதான்."

தம்பி மனைவி தலை நிமிர்ந்தாள். "அவர் பேரு வந்துடுங்களா?"

"சத்தியமா வரும்மா."

ஆஸ்பத்திரியில் தம்பியும் அந்தப் பேருக்காகத்தான் கெஞ்சினான். "ஊரறியக் காட்டின பொருளுக்குக் காப்புரிமை கிடையாதுக்கா. சந்தோஷத்துல முந்திக்கிட்டேன், என் புத்தி. அந்த வீடியோ வெளிய போனா அவருக்கும் இல்ல, எனக்கும் இல்ல. என்னைக்காவது மனசு வந்து என் பேரைச் சேர்ப்பார். விட்டுடு." மூச்சு இருந்தவரை அவன் சொல்லுக்குப் பெரியக்கா கட்டுப்பட்டிருந்தாள்.

"அனுப்பியாச்சு," என்றாள்.

"என்னது?"

"அந்த வீடியோவை. போட்டிக் கம்பெனி வக்கீலுக்கு. காலையிலயே. இவனைக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடியே."

கைக்குட்டை முதலாளியின் கையிலேயே நின்றது. "உங்க கண்ணை நீங்களே குத்திக்கிட்டீங்களேக்கா! தம்பிக்கும்தான் உரிமை போச்சு. இனி எவன் வேணா அதைச் செய்வான்."

"செய்யட்டும். உங்க பேரு இல்லாம செய்வான்ல?"

"பெரியவங்களாச்சேன்னு பார்க்கறேன்..."

"பார்க்காதீங்க. எந்திரிங்க. அந்த வளையத்தையும் எடுத்துக்கங்க. அதுலயும் உங்க கம்பெனி பேரு கொட்டை எழுத்துல இருக்கு."

வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வளையம் கதவில் இடித்தது. முதலாளி அதைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் நுழைத்துக்கொண்டு வெளியேறினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியதுபோல் பெரியக்காவுக்கு இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி," என்றாள் தம்பி மனைவி.

பெரியக்கா தம்பியின் போனை எடுத்து, அந்த வீடியோவை ஓடவிட்டு, அவள் கையில் வைத்தாள்.

"கிட்ட வாங்க, தொட்டுப் பாருங்க. கடிக்காது," என்றது தம்பியின் குரல். மாணவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பெட்டியைத் தூக்க வந்த நான்கு பேர் குனிந்து கைப்பிடிகளைப் பற்றியிருந்தார்கள். குரல் கேட்டதும் அப்படியே நின்றார்கள். அதை நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, பெட்டியைத் தூக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. பெரியக்கா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஒவ்வொரு படியாக விளக்கிக்கொண்டே போனான். குனிந்தவர்கள் குனிந்தபடியே, அவன் பேசி முடிக்கக் காத்திருந்தார்கள்.