ஒரு தட்டு என்றால் ஆமாம்

அண்ணனிடம் அவள் சொன்ன பொய்க்கு அன்றோடு பத்தொன்பது நாள்.

சொன்னது என்றால் வாயால் சொல்லவில்லை, எழுதி அனுப்பினாள். “தொண்டையில் சின்ன வீக்கம். ஒரு மாதம் பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கச்சேரி எதுவும் ஒத்துக்கொள்ளாதே.” அனுப்பிய கையோடு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளி, அது எழுந்து வந்து கடித்துவிடும் என்பதுபோல மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

அண்ணன் மறு கேள்வி கேட்கவில்லை. ஒரு ஏற்பாடு மட்டும் செய்தார். தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் கூப்பிடுவார். அவர் பேசுவார், அவள் கேட்டால் போதும். பதில் வேண்டுமென்றால் போனின் முதுகில் நகத்தால் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

அதனால் தினமும் பதினொரு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டு வளைவுக்கு ஓடினாள். கீழே தரைத்தளத்தில் சலவைக் கடை. அங்கிருந்து இஸ்திரி ஆவியும் ஈரத்துணி வாசமும் மூன்று மாடிக்கும் ஏறிவந்தன. அந்த வெதுவெதுப்பில் சுவரில் சாய்ந்து நின்று, அதுவரை அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தவள், தொண்டை நோயாளியாக மாறி அண்ணன் பேசுவதைக் கேட்டாள். மாடிக் குழாய் கசிகிறது, அண்ணிக்குப் புதுக் கண்ணாடி மாற்றியாயிற்று, பக்கத்து வீட்டுப் பூனை இவர்கள் வீட்டில் குட்டி போட்டிருக்கிறது. உருப்படியான சேதி என்று ஒன்றும் இருக்காது. நடுநடுவே அவர் பேசாமலும் இருப்பார். அந்த மௌனம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய் சொன்னவர்களுக்கு எதிராளியின் மௌனம் விசாரணை போலத்தான் கேட்கும்.

இருபத்திரண்டு வருடங்களாக அவளும் அண்ணனும் சேர்ந்துதான் மேடை ஏறினார்கள். நாட்டுப்புறப் பாட்டை எடுத்து ஜாஸில் குழைத்துப் பாடுவது அவள் வழி. ஆள் உயர டபுள் பேஸைக் கட்டிப் பிடித்தபடி, அதன் நான்கு தடித்த தந்திகளை விரலால் சுண்டி வாசிப்பது அண்ணன் வழி. இரண்டே பேர், நான்கு இசைத்தட்டுகள். நான்கின் பின்னட்டையிலும் கச்சேரிக்குத் தொடர்புகொள்ள அண்ணனுடைய தொலைபேசி எண்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் ஒரு கச்சேரியில் முன்வரிசை ஆசாமி ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அதுகூடப் பரவாயில்லை. முடிந்ததும் மேடைக்கு வந்து அவள் கையைப் பிடித்து, “உங்க பாட்டு இல்லைன்னா எனக்குத் தூக்கமே வராதும்மா, மாத்திரையையே நிறுத்திட்டேன்” என்று கண் கலங்கினார். அவளும் நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். நாற்பத்தைந்து வயது. அவளுக்குள் கோபம் இருந்தது, ஏமாற்றம் இருந்தது, யாரையாவது சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. இதில் ஒன்றுகூட இத்தனை வருடத்தில் தொண்டையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. அடுத்த மாதமே எட்டு பாட்டு எழுதினாள். எட்டும் ராக். எதிலும் டபுள் பேஸுக்கு இடம் இல்லை.

பாட்டு எழுதிவிட்டாள். அண்ணனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ‘நீ இல்லாமல் பாடப் போகிறேன்’ என்பதை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாலும் அது கடைசியில் ‘நீ வேண்டாம்’ என்றுதான் வந்து நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட்டு வந்தும் வேலை நடக்கவில்லை. பத்தொன்பது நாளில் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை.

பெரிய அறையில் டிரம்ஸும் கித்தார்களும். மூலையில் கண்ணாடித் தடுப்புக்குள் அவள். எல்லோர் காதிலும் ஹெட்போன். எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், அவள் பாடுவாள். டிரம்ஸ் வாசிப்பவள் இருபத்தாறு வயதுப் பெண். அடிக்கிற அடியைப் பார்த்து யாரோ சுத்தியல் என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவளும் அதைப் பெருமையாகவே சுமந்தாள். சுத்தியலின் காதில் மட்டும் கடிகாரம்போல ஒரு டிக் டிக் ஓடும். அதை வைத்துத் தாளம் பிசகாமல் அடிப்பாள். அவள் பிசகவே இல்லை. பிசகியது பாடகி.

ஒவ்வொரு வரியும் தாமதம். ஒலிப்பதிவாளர் திரையில் காட்டினார். அலை அலையாகப் படர்ந்திருந்த அவள் குரல், தாளம் விழும் கோட்டைத் தாண்டித் தாண்டித்தான் ஆரம்பித்தது.

“மேடம், தாளம் தப்பறவங்க ஒருதரம் முந்துவாங்க, ஒருதரம் பிந்துவாங்க. நீங்க எப்பவும் ஒரே அளவுதான் லேட். அளந்து வச்ச மாதிரி.”

“இது திட்டா, பாராட்டா தம்பி?”

“தெரியலை மேடம்.”

அவர் அதிகம் பேசாதவர். கை சுத்தமானவர் என்று பெயர் எடுத்தவர். அவர் தொட்ட பதிவில் இருமல், கால் தேய்க்கும் சத்தம், தாள் புரளும் சத்தம் எதுவும் மிஞ்சாது. போன வாரம் அவளுடைய குரலை வரி வரியாக நகர்த்திக் கோட்டில் வைத்துக் காட்டினார். எல்லாம் சரியான இடத்தில் இருந்தது. சுத்தியல்தான் உண்மையை உடைத்தாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. ரயில் வருதுன்னு அறிவிப்பு குடுக்கற மாதிரி இருக்கு.”

பத்தொன்பதாம் நாள் காலையும் அதே கதைதான். முதல் பாட்டை ஆறு முறை பாடினாள். ஆறாவது முறை முடிந்ததும் ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளையே பார்த்தார்.

“ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? நீங்க யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்கீங்க. அதனாலதான் லேட்.”

யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் தந்தியைச் சுண்டிய பிறகுதான் அவள் வாயைத் திறப்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். தந்தி இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அவள் உடம்பு தந்திக்குக் காத்திருந்தது.

“உங்க பழைய ரெக்கார்டு எங்கிட்ட இருக்கு. நேத்து ராத்திரி போட்டுக் கேட்டேன். அப்புறம்...” அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். “பின்னாடி ஒரு நம்பர் இருந்துச்சு.”

“தம்பி. கூப்பிட்டீங்களா?”

அவர் இன்னும் மும்முரமாகத் துடைத்தார். அப்போது அவள் போன் அதிர்ந்தது. பதினொரு மணி.

என்ன செய்வதென்று தெரியாமல் பழக்க தோஷத்தில் படிக்கட்டுக்கு ஓடினாள். போனைக் காதில் வைத்தாள்.

“பாப்பா” என்றார் அண்ணன். அவளுக்கு எண்பது வயதானாலும் அவருக்குப் பாப்பாதான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். “இந்தப் படிக்கட்டுல கைப்பிடி ஆடுதே. தினம் பார்த்துத்தான் ஏறுறியா?”

குரல் காதிலும் கேட்டது, கீழே இரண்டாம் மாடி வளைவிலும் கேட்டது. ஆவிக்கு நடுவே முதலில் வழுக்கைத் தலை தெரிந்தது, பிறகு கையிலிருந்த வெந்நீர்க் குடுவை தெரிந்தது. அவளுக்கு வாயைத் திறக்கத் தோன்றவில்லை. விரல்தான் போனின் முதுகில் ஒரு தட்டு தட்டியது.

அண்ணன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா, இரைக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

“எப்போ தெரிஞ்சுது?” என்றாள். அவரிடம் பத்தொன்பது நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ரெண்டாம் நாளே. போன்ல பின்னாடி கேட்டுச்சே. தொண்டை வீங்கினவ வீட்டுக்குள்ள யாராவது டிரம்ஸ் அடிப்பாங்களா? இடம் எதுன்னு மட்டும் நேத்துதான் தெரிஞ்சுது.”

“கேக்க வேண்டியதுதானே?”

“எப்படிக் கேக்கறது? நீ பேசக் கூடாதுன்னுதான் மருத்துவர் சொல்லியிருக்காரே.”

அவள் நான்கு படி இறங்கிவந்து அவருக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. கீழே இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது.

“அண்ணா, இதுல உனக்கு இடம் இல்லை. எட்டு பாட்டுலயும் இல்லை.” நினைத்ததைவிடச் சின்ன வாக்கியமாக இருந்தது அது.

“அப்பாடா” என்றார் அண்ணன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இடது கையை அவள் மடியில் வைத்தார். “சுண்டு விரலைக் கிள்ளு.”

கிள்ளினாள்.

“இன்னும் பலமா.” பலமாகக் கிள்ளினாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ரெண்டு வருஷமா இப்படித்தான். மோதிர விரலும் பாதி மரத்துப் போயிடுச்சு. மூணு விரலை வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். வாத்தியம் பழுது பாக்கற பட்டறை ஒண்ணு இருக்கு, அங்க வந்து உக்காருங்கன்னு கூப்பிடறாங்க. பசை வாசம், மரத்தூள், பேச்சுத்துணைக்கு ரெண்டு பேர். சொர்க்கம். ஆனா நான் நிறுத்திட்டா உன்னை நடுத்தெருவுல விட்ட மாதிரி ஆயிடுமேன்னு...”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“தினம் போன் பண்ணிச் சொல்லணும்னுதான் ஆரம்பிப்பேன். பூனை, குழாய்னு போயிடும்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த மௌனங்களில் விசாரணை எதுவும் இருக்கவில்லை. எதிர்முனையில் இன்னொரு பொய்க்காரர் தைரியத்தைத் திரட்டிக்கொண்டிருந்திருக்கிறார், அவ்வளவுதான். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. எவ்வளவு கனம் என்று இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

வந்தவர் சும்மா போகவில்லை. உள்ளே வந்து, சுத்தியலின் தோளைத் தட்டி, “நீதானா அது? போன்லயே காது கிழிஞ்சுது” என்றார். அவள் எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். ஒலிப்பதிவாளர் யார் முகத்தையும் பார்க்காமல் ஆறாவது முறையின் பதிவை ஓட்டினார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தும் மூடியபடியே இருந்தார்.

“வாசிக்கும்போது இந்தப் பொண்ணு காதுல என்ன கேக்கும்? அதைக் குடுங்க.”

சுத்தியலின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் கேட்டார். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“மூச்சு எங்க?”

“எந்த மூச்சு சார்?”

“இவ மூச்சு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி இவ மூச்சை உள்ள இழுப்பா. அது எங்க போச்சு?”

ஒலிப்பதிவாளர் நிமிர்ந்தார். அவர் பெயர் எடுத்த இடம் இது. “எடுத்துட்டேன் சார். குரல் உள்ள வரும்போதே தானா வடிகட்டற மாதிரி வச்சிருக்கேன். மூச்சு ஒரு துளி கேக்காது.”

“அட பாவி” என்றார் அண்ணன், மிகுந்த அன்போடு. “நான் இத்தனை வருஷம் வாசிச்சதே அதைக் கேட்டுத்தானேப்பா.”

“இல்லையே” என்றாள் அவள். “உன் தந்தி கேட்டப்புறம்தானே நான் பாடவே ஆரம்பிப்பேன்.”

“உன் மூச்சு கேட்டாத்தான் நான் தந்தியைத் தொடுவேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மேடையில், கைக்கெட்டும் தூரத்தில் இருபத்திரண்டு வருடம். இதை ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. பேசத் தேவைப்படவில்லை.

“அப்போ ரெண்டு பேர்ல யாருதான் முதல்ல ஆரம்பிச்சீங்க?” என்று சுத்தியல் கேட்டாள்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி அவளிடமே நீட்டினார்.

“சரி, அந்த வடிகட்டியை எடுத்துடுங்க” என்றார் அண்ணன். “பொண்ணு காதுல ஓடற டிக் டிக்கையும் நிறுத்திடுங்க. அம்மாடி, நீ அவ மூச்சை மட்டும் கேளு. இழுத்து முடிக்கற இடத்துல அடி. நான் செஞ்சது அவ்வளவுதான். வித்தை ஒண்ணும் இல்லை.”

அவள் கண்ணாடித் தடுப்புக்குள் போய் நின்றாள். ஹெட்போனில் முதலில் வந்தது அவளுடைய மூச்சே. இத்தனை நாளாக அது இல்லை என்பதையே கவனிக்கவில்லை. கித்தார் நான்கு முறை சுற்றி வந்தது. அவள் மூச்சை இழுத்தாள். இழுத்து முடித்த இடத்தில், சொல்லி வைத்ததுபோல, டிரம்ஸ் விழுந்தது. நெஞ்சில் விழுந்தது. அது அண்ணனின் தந்தி இல்லை. ஆனால் தந்தி விழும் அதே இடம். அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது.

இதுவரை கத்தியபோது ராக் பாடகி மாதிரி கத்தப் பார்த்திருக்கிறாள். இப்போது யார் மாதிரியும் இல்லை. குரல் தடித்து, கிழிந்து, பழைய பாட்டுகளின் சுழிவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, முன்வரிசைக்காரர் இனி எந்தக் காலத்திலும் தூங்க முடியாதபடி அறையை நிறைத்தது. சுத்தியல் கண்ணை மூடிக்கொண்டு காதால் அவளைத் தொடர்ந்தாள். இரண்டாம் பல்லவியில் பாடகி வேண்டுமென்றே மூச்சைக் கொஞ்சம் தள்ளி இழுத்தாள். டிரம்ஸும் தள்ளி விழுந்தது. சரிதான், போ, என்று அவளுக்குள் ஏதோ சொல்லிற்று.

முடிந்ததும் ஒலிப்பதிவாளர் திரையைப் பார்க்கவில்லை. “கோட்டுல இருக்கான்னு பாக்கலையா?” என்று கித்தார்காரர் சீண்டினார். “இருந்தா என்ன, இல்லாட்டி என்ன” என்றார் கை சுத்தமானவர்.

அன்று மாலைக்குள் மூன்று பாட்டு முடிந்தது. அண்ணன் ஒரு மூலையில் சோபாவில் உட்கார்ந்து, நடுவில் கொஞ்சம் தூங்கவும் செய்தார். அவ்வளவு சத்தத்தில் எப்படித்தான் தூங்கினாரோ. கிளம்பும்போது கண்ணாடித் தடுப்பின் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினார்.

“அப்படியே வீட்டுக்கு வர்றியா? பூனைக்குட்டி பாக்கலாம்.”

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது. பத்தொன்பது நாள் கத்தியதற்கும் இன்றைக்குக் கத்தியதற்கும் சேர்த்துத் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் வெந்நீர்க் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றி நீட்டினார். “பேசாதே. ரெண்டு நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது. இது நான் சொல்றது, எந்த மருத்துவரும் இல்லை.”

அவள் வாங்கிக் குடித்தாள். தண்ணீர் இதமாக இறங்கியது. பிறகு கண்ணாடியில் நகத்தால் ஒரு தட்டு தட்டினாள்.