இதுவா, அதுவா என்று அண்ணி கேட்டாள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே தூக்கிக் கொடுத்தாள்.

"எழுதிக்கோ. ஆனா பேரு போடாத. போட்டா கடைக்கு வர்றவங்க என் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க, வயித்தத்தான் பாப்பாங்க."

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைச் சோதித்து, பொருத்தமான கண்ணாடி போட்டுத் தருவாள். (நேரில் 'நீங்க'தான். கதைக்குள் 'அவள்' என்று வந்துவிட்டது. அண்ணன் படித்தால் காதைத் திருகுவான்.)

2

முதல் வரியில் முட்டி மோதினேன்.

'பதினேழு வயதில் அவள் தலையில் இடி விழுந்தது.' இடியும் இல்லை, தூறலும் இல்லை என்று அண்ணி அடித்துவிட்டாள்.

'இயற்கை அவளை வஞ்சித்—' இதை நானே விட்டுவிட்டேன். எழுதும்போதே கூச்சமாக இருந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பதினேழு ஆகியும் அவள் பூப்படையவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவள். குரோமோசோம் மட்டும் பொதுவாக ஆண்களுக்கு இருக்கும் வகை. கருப்பை இருந்தது, சினைப்பை வளரவே இல்லை. வளராத அந்தத் திசு பிற்பாடு புற்றுநோயாகலாம் என்று அறுத்து எடுத்துவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

"குழந்தை மட்டும் பிறக்காதும்மா. மத்தபடி ராணி மாதிரி இருக்கலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

அவளும் அப்படியே இருந்தாள். கடை வைத்தாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் என் அண்ணனிடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொன்னாள். "அப்ப ராத்திரி நிம்மதியா தூங்கலாம்னு சொல்லு" என்றான் அந்த மடையன். சிரித்துவிட்டாள். கட்டிக்கொண்டாள்.

3

போன மாதம் மாத்திரைச் சீட்டு வாங்கப் போனாள். பழைய ஹார்மோன் மருத்துவர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் நாற்காலியில் புதிதாக ஒரு டாக்டரம்மா.

"கர்ப்பம் பத்தி யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?"

"எனக்குத்தான் பிறக்காதே டாக்டர்."

"கருமுட்டைதான் உங்களுக்கு இல்ல. கருப்பை நல்லா இருக்கு. வேற ஒருத்தங்க கருமுட்டை குடுத்தா நீங்களே சுமக்க வாய்ப்பு இருக்கு. உறுதியா சொல்ல மாட்டேன். இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பாக்கணும். இதுல எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். முழுசா தெரிஞ்சவங்கள இங்கயே கூப்பிட்டு உக்கார வெக்கிறேன்."

"இத்தன வருஷமா ஏன் யாரும் சொல்லல?"

டாக்டரம்மா நழுவிய கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அறுவை பண்ணினவரு, ஹார்மோன்காரங்க சொல்லுவாங்கன்னு விட்டிருப்பாரு. நாங்க, அவரு சொல்லியிருப்பாருன்னு விட்டிருப்போம். தப்புதாம்மா."

அண்ணன் கதவைப் பூட்டுவான் என்று தம்பியும், தம்பி பூட்டுவான் என்று அண்ணனும் படுக்கப் போன வீடு மாதிரிதான்.

[இங்கே 'அவள் கண்கள் குளமாயின' என்று எழுதியிருந்தேன். அண்ணி பொங்கிவிட்டாள். "நான் எங்கடி அழுதேன்? கோவம் வந்துச்சு. அவங்க கண்ணாடியக் கேட்டு வாங்கி, லொடலொடன்னு ஆடின ஸ்க்ரூவ முடுக்கிக் குடுத்தேன். கோவம் வந்தா எனக்குக் கை சும்மா இருக்காது."]

எனக்கும் ஒரு சந்தேகம். 'அரைகுறையாத்தான் தெரியும்' என்று வாய்விட்டுச் சொல்லும் டாக்டரை நீங்கள் நம்புவீர்களா? எல்லாம் தெரிந்தவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். அந்த ஆளைக் கண்டு எனக்கே பயமாகிவிட்டது. இவரே இருக்கட்டும்.

4

அன்று மாலை அண்ணனிடம் சொன்னாள்.

"உனக்கு வேணுமா?" என்றான்.

"தெரியலயே. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியல."

இரண்டு பேரும் திருதிருவென்று முழித்தார்களாம். பிறகு சிரிப்பு வந்துவிட்டதாம்.

ஆனால் கதைக்கு முடிவு வேண்டாமா? இரண்டு எழுதினேன். ஒன்றில் தொட்டில். மற்றொன்றில் இரண்டு பேரும் சாயங்காலம் கடையை மூடிவிட்டுக் கைகோத்து நடக்கிறார்கள். எழுதி எழுதிக் கண் வலித்தது. கடைக்கே போய் உட்கார்ந்தேன். அண்ணி கனமான சோதனைச் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வில்லையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"இது."

"இப்ப? இதுவா, அதுவா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு அண்ணி."

"அப்படின்னா சரியா உக்காந்திருச்சு. இதோட நிறுத்திக்கணும்."

"நீங்க எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

வில்லையைத் துடைத்தபடியே சொன்னாள்: "எனக்கும் ரெண்டும் நல்லாத்தான் தெரியுது. பதினேழு வயசுல ஒரே ஒரு கண்ணாடிய மாட்டிவிட்டு அனுப்பிட்டாங்க. இப்பதான்டி ஒருத்தங்க என்னை உக்கார வெச்சு, இதுவா அதுவான்னு கேட்டிருக்காங்க. சந்தோஷமா இருக்கு. கொஞ்ச நாள் இப்படியே இருந்துக்கிறேன்."

5

ஆகவே முடிவு கிடையாது. உங்களையும் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். அவளைக் கேட்காமல் அவளுக்கு ஒருமுறை முடிவு எழுதியாகிவிட்டது; இரண்டாவது முறை எழுத நான் யார், நீங்கள்தான் யார்?

தொட்டிலையும் நடையையும் கிழிக்கவில்லை. அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மா மற்ற மருத்துவர்களையும் அழைத்திருக்கிறார். அண்ணனும் கூடப் போகிறான். அண்ணி கைப்பையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்தாயிற்று.