ஜன்னல் வழியே ஒரு சான்றிதழ்

வேர்க்காத எதையும் நான் விளையாட்டு என்று ஒப்புக்கொண்டதில்லை. உட்கார்ந்தபடி விரலைச் சுண்டும் கேரம் விளையாட்டென்றால், நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கும் எங்கள் தெரு விசைத்தறி முதலாளிக்கு ஒலிம்பிக்கில் தங்கமே கொடுக்கலாம். நானோ உயரம் தாண்டுபவன். மாவட்டத்தில் இரண்டாமிடம். எத்தனை பேர் தாண்டினார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல.

1981 ஆனி மாதம். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் குமாஸ்தா வேலை. திருநெல்வேலியில் பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. அடுத்த மாதம் எனக்கு வயது வரம்பு முடிகிறது. இதை விட்டால் அரசாங்க வேலை என்ற பேச்சே கிடையாது.

ஏழு மணிக்கே தேய்த்த சட்டையும் சான்றிதழ் ஃபைலுமாகச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் வந்தது. அது நிற்பதற்குள் ஜனம் கூடவே ஓடியது. துண்டு, பை, குடை, கடைசியாக ஒரு கைக்குழந்தை எல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே போயின. துண்டு விழுந்த இடம் துண்டுக்காரனுடையது. மீறி உட்கார்ந்தவனை ஊரே சேர்ந்து எழுப்பிவிடும். நான் வாசலருகே மரியாதையாகக் காத்திருந்தேன். கண்டக்டர் விசிலடித்தார். போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே.

எங்கள் தெரு முத்துத்தாய் சித்தி கத்தரிக்காய்ப் பெட்டியோடு வந்தாள். வாரம் மூன்று நாள் காய் விற்கத் திருநெல்வேலி போகிறவள். ஒருநாளும் நின்றுகொண்டு போனதில்லை.

"என்னலே பெத்துராஜு, நட்டுவச்ச கம்பு கணக்கா நிக்க? துண்டு இல்லையா?"

"வரிசையில ஏறலாம்னு நிக்கேன் சித்தி."

"வரிசையா? அது எங்கன இருக்கு?"

மூன்றாவது பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. சித்தி என் ஃபைலைப் பிடுங்கி, ஓடும் பஸ்ஸின் நான்காவது ஜன்னலுக்குள் வீசினாள். குறி தப்பவில்லை. அடுத்த நொடி பெட்டியோடு படியில் தொற்றி உள்ளே மறைந்தாள். எனக்கு முன்னால் முப்பது முதுகுகள். விசில் ஒலித்தது. என் சான்றிதழ் நான் இல்லாமலே நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டது.

ஓடினேன். புண்ணியவான் ஒருவரின் மாட்டுவண்டி குறுக்கே வந்து பஸ் தயங்கியதில் படிக்கம்பி கைக்குக் கிடைத்தது. உள்ளே ஒரு மீசைக்காரர் என் இடத்தில் உட்காரப் பார்த்தார்.

"வே, ஃபைலு கிடக்கது கண்ணுக்குத் தெரியலையா?" என்று சித்தி அவரை விரட்டினாள். சட்டை நனைந்து உட்கார்ந்த என்னிடம், "இதுக்கெல்லாம் சர்க்கார்ல மெடல் குடுக்க மாட்டாகளா?" என்று கேட்டாள்.

"இது விளையாட்டு இல்ல சித்தி," என்றேன், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

நேர்முகத் தேர்வில் அதிகாரி என் சான்றிதழைப் பார்த்தார். "மாவட்டம்தானா? இன்னொருத்தர் மாநில அளவில் ஆடியிருக்கிறாரே."

"எதில் சார்?"

"கேரம்."

ஃபைலை வாங்கி மூடினேன். அழுதுவிடுவேன் போல இருந்தது.

சாயங்காலம் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில், சித்தி காலிப் பெட்டியோடு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். நாள் முழுக்க நின்று விற்றதில் கால் வீங்கியிருந்தது. எங்களூர் பஸ் உள்ளே திரும்பியதும் ஓடினேன். ஒரு மூட்டையைத் தாண்டினேன். மூட்டைமேல் இருந்தவரையும் தாண்டினேன். ஃபைல் ஜன்னலுக்குள் பறந்து, இரண்டு பேர் இருக்கையில் குறுக்காக விழுந்தது.

சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"வேலை?"

"கேரம்காரனுக்கு."

 சித்தி ஃபைலைத் தூசி தட்டி என் மடியில் வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோ மக்கா. துண்டைவிட நல்லா விழுது. வியாழக்கிழமை எனக்கு வேணும்."