பிள்ளையை வாங்கிக்கொண்டவள்

முருகலட்சுமி பி.எட். முடித்து ஆறு வருஷமாகிவிட்டது. டெட் தேர்விலும் பாஸ். ஆனால் அரசு வேலை அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தனியார் பள்ளிகளில் "முன்ன எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்கள். யாராவது ஒருத்தர் வேலை கொடுத்தால்தானே அதற்குப் பதில் சொல்ல முடியும்! அவள் ஊரான எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுக்கப் போனால், "ஏலே, டீச்சரு வந்துட்டாக, தள்ளுங்க" என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் அது சுருக்கென்று தைக்கும்.

அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்குக் கணக்கு டீச்சர் வேண்டுமென்று கேள்விப்பட்டுக் கிளம்பிய அன்று பார்த்து மாமியார் ஒச்சம்மாளுக்குக் குளிர்காய்ச்சல். கணவன் மாரிசெல்வம் விடியுமுன்னே மில்லுக்குப் போய்விட்டான். பத்து மாசப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள்.

பள்ளி வராந்தாவில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஷ்வினி. கன்னடம் பேசும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, எம்.எஸ்சி., பி.எட். அவளும் மூன்று வருஷமாக அலைகிறாள். இருந்ததோ ஒரே ஒரு இடம்.

ஆபீஸ் அம்மா வந்து பார்த்தார். "ஏழாம் வகுப்புல பாடம் நடத்திக் காட்டணும். கைப்பிள்ளையோட எப்படிம்மா?"

 திரும்பிப் போய்விடலாம் என்று முருகலட்சுமி பையை எடுத்தாள்.

"அக்கா, பிள்ளைய இங்க குடுங்க" என்று அஷ்வினி கை நீட்டினாள். "இப்பத்தான் தூங்க ஆரம்பிச்சிருக்கு. முழிக்கிறதுக்குள்ள நீங்க முதல்ல போயிட்டு வந்துருங்க."

"உங்க முறைல்ல?"

"என்கிட்ட பிள்ளை இல்லியே. நான் பிறகு போறேன்."

முருகலட்சுமி வகுப்புக்குள் நுழைந்தாள். பின்னக் கூட்டல் நடத்தச் சொன்னார்கள். எடுத்த எடுப்பில் கரும்பலகைக்குப் போகாமல், "தண்ணி லாரி வந்துருக்கு. ஒரு குடத்துல பாதி பிடிச்சேன். அதே அளவு இன்னொரு குடத்துல மூணுல ஒரு பங்கு. ரெண்டையும் ஒரே குடத்துல ஊத்துனா நிறையுமா, குறையுமா?" என்றாள். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. பிறகு குடத்தைப் பலகையில் வரைந்து, ஆறு பங்காகக் கோடு போட்டு, அவர்களையே எண்ண வைத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை சிரித்துவிட்டார்.

வெளியே வந்தால், பிள்ளை முழித்து அழுதிருக்கிறது. அஷ்வினி வேப்பமரத்தடியில் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சேலையெல்லாம் எச்சில். அந்தச் சேலையோடேதான் அவள் வகுப்புக்குப் போனாள்.

வேலை முருகலட்சுமிக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அஷ்வினியின் முகம் ஒரு நொடி வாடியதை அவள் பார்த்தாள். உடனே அஷ்வினி, "நல்லாருங்கக்கா" என்று பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். முருகலட்சுமி அந்த நம்பரைப் போனில் பதிந்துகொண்டாள்.

தீபாவளி கழிந்து, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனார். அன்றே முருகலட்சுமி தலைமையாசிரியை முன்னால் போய் நின்றாள்.

"அஷ்வினியக் கூப்பிடுங்க மேடம்."

"உங்களவிட அவங்களுக்குப் படிப்பு கூட. அடுத்த வருஷம் ஒருத்தரைத்தான் வெச்சுக்க முடியும்னு நிர்வாகம் சொன்னா?"

அந்த யோசனை முந்தின பீரியடில் பாடம் நடத்தும்போதே அவளுக்கும் வந்து போயிருந்தது. "பரவால்ல மேடம். அன்னைக்கு அவுக என் பிள்ளைய வாங்கலைன்னா, நான் வகுப்புக்குள்ளயே போயிருக்க மாட்டேன்."

தலைமையாசிரியை தலையாட்டினார். "சரி, நீங்களே பேசுங்க."

வெளியே வந்து முருகலட்சுமி போனில் விஷயத்தைச் சொன்னாள். கேட்டதும் அஷ்வினி அந்தப் பக்கம் யாரிடமோ வீட்டுப் பேச்சில், கன்னடத்தில், படபடவென்று என்னவோ சொன்னாள். முருகலட்சுமிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நடுவே அவள் அழுவது மட்டும் கேட்டது.

"அக்கா, நாளைக்கே வரவா?"

"வாம்மா. வரும்போது சாப்பாடு கட்டிட்டு வராத, நான் கொண்டாரேன்" என்றாள் முருகலட்சுமி.