நிறுத்திவைக்கப்பட்ட கடிதம்

பைதான் என்கிற கணினிமொழியின் இரண்டாம் பதிப்பு செத்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிறது. உலகம் அதற்குக் காரியம் முடித்து, மூன்றாம் பதிப்போடு குடித்தனம் தொடங்கிவிட்டது. யாங்கூனின் பசுந்தாங் பேட்டையில் ஐந்தாவது மாடியில் இருக்கும் விஜயகுமாரி மட்டும் பழையதை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துக்கொள்ளும் மடலாடற் குழுவின் மென்பொருள் அந்த மொழியில் எழுதப்பட்டது. ஓடுகிற வண்டியை நிறுத்துவானேன் என்று இருந்துவிட்டாள்.

அது யாங்கூனில் கட்டற்ற மென்பொருள்களை பர்மியத்திலும் தமிழிலும் மொழிபெயர்க்கிற தன்னார்வலர்களின் குழு. ஒருவர் எழுதினால் நூற்றுநாற்பது பேருக்கும் மின்னஞ்சலாகப் போகும். பேஸ்புக் இருக்கும்போது இந்தக் கிழட்டு ஏற்பாடு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இணையம் படுத்துக்கொள்ளும் நாட்களில் மின்னஞ்சல் மட்டும் எப்படியோ ஊர்ந்து வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் இந்த மாதத்தோடு பழைய பைதானை எடுத்துவிடப் போவதாக எழுதினார்கள். வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்குப் புதிய மென்பொருளுக்கு மாறுவது என்று விஜயகுமாரி தேதி குறித்து, செவ்வாயன்று குழுவுக்கு அறிவிப்பு அனுப்பினாள். உறுப்பினர் பட்டியல் வரும், பழைய கடிதங்கள் வரும், அனுமதிக்காக நிறுத்திவைக்கப்பட்டவை மட்டும் வராது என்று அதில் ஒரு வரி இருந்தது. வழிகாட்டிப் பக்கத்தில் கண்டதை அப்படியே எழுதியிருந்தாள்.

உறுப்பினர் அல்லாதவர் எழுதினால் மென்பொருள் அதை நிறுத்திவைக்கும். பொறுப்பாளர் பார்த்து, விடலாம் அல்லது தள்ளலாம். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முறைவைத்து விடுகிற கரண்ட் வந்ததும் அந்த வரிசையைத் திறந்த விஜயகுமாரி தலையில் கைவைத்தாள். இரண்டாயிரத்து முந்நூறு கடிதங்கள். முதல் ஒன்பது வருஷம் பொறுப்பாளராக இருந்தவர் உதயசூரியன். அவர் ஒரு கடிதத்தைக்கூடத் தள்ளியதில்லை. பிறகு பொறுப்பேற்ற அவளும் புதிதாக வந்தவற்றைப் பார்த்தாளே தவிர, பழைய குவியலைத் தொட்டதில்லை. லாட்டரி விழுந்ததாகச் சொல்லும் மோசடிக் கடிதத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் அதற்கு ஆனாடே என்று பெயர். எதிராளியின் மனம் நோகுமே என்று தயங்கி, ஆகும் என்றும் சொல்லாமல் ஆகாது என்றும் சொல்லாமல் இருந்துவிடுவது. நல்ல குணம்தான், வேலைக்குத்தான் உதவாது. நிறுத்திவைக்கப்பட்ட கடிதத்தை எழுதியவரே திரும்பப் பெற அவருக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு போகும். மூன்றே நாளில் காலாவதியாக வேண்டிய அந்த இணைப்புக்குக்கூட அவர் கெடுவை எடுத்துவிட்டிருந்தார்.

குப்பையை அள்ளிக்கொண்டே வந்தவளின் கை 2014இல் நின்றது. அனுப்பியவர் ருக்சார்.

ருக்சாரும் அவளும் சேர்ந்துதான் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடக் கணக்குப் பாடத்துக்கான ஒரு மென்பொருளை எட்டு மாதம் உட்கார்ந்து பர்மியத்தில் மொழிபெயர்த்தவள் ருக்சார். வெளியிடுவதற்கு முதல் நாள் நாலாயிரம் வரியும் கோணல் மாணல் எழுத்தாகச் சிதைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் பாதிப் பேர் ஸோஜி என்ற பழைய எழுத்துருவில் எழுதுவார்கள், மீதிப் பேர் யூனிகோடில். ருக்சார் இரண்டையும் குழப்பிவிட்டாள் என்று விஜயகுமாரி முடிவுகட்டி, கோபத்தில் குழு முழுவதற்கும் எழுதினாள். கவனமில்லாதவர்கள் கையில் வேலையைக் கொடுத்தது தன் தப்பு என்று எழுதியிருந்தாள். ருக்சார் அன்றே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். பதிலே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதனால்தான் வாய் திறக்கவில்லை என்று விஜயகுமாரி பதினோரு வருஷமாக நம்பியிருந்தாள்.

பதில் இதோ இருந்தது. பட்டியலை விட்டுப் போய்விட்டதால் உறுப்பினர் அல்லாதவள் எழுதியதாகி, வரிசையில் மாட்டிக்கொண்ட பதில். அரைப் பக்கம்தான். வசவு ஒன்றும் இல்லை.

"என் கோப்பு முதலிலேயே யூனிகோடில்தான் இருந்தது. ஸோஜியை யூனிகோடாக மாற்றுவதற்காக விஜி எழுதிய நிரல், மாற்ற வேண்டியதா என்று பார்க்காமல் அதையும் இன்னொரு தடவை மாற்றிவிட்டது. நிரலின் பதினாலாம் வரியைப் பாருங்கள். எல்லாருக்கும் முன்னால் சொல்லப்பட்டதால் எல்லாருக்கும் முன்னாலேயே பதில் சொல்கிறேன்."

பழைய நிரல் இன்னும் வட்டில் இருந்தது. பதினாலாம் வரியை விஜயகுமாரி மூன்று முறை படித்தாள். எதையும் கேட்காமல், எது வந்தாலும் மாற்றித் தள்ளுகிற வரி. ஊரில் யார் நிரலில் ஓட்டை என்றாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள் அவள். தன் முதுகு தனக்குத் தெரியவில்லை.

வியாழனன்று வட்ட ரயிலேறி இன்சீனுக்குப் போனாள். உதயசூரியன் அங்கே ரயில்வே பட்டறைக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தார்.

"ருக்சார் லெட்டர படிச்சீங்களாண்ணே?"

அவர் உடனே புரிந்துகொண்டார். எந்த லெட்டர் என்று கேட்கவில்லை.

"படிச்சேன், மா விஜி." பர்மிய வழக்கப்படி பெண்களின் பேருக்கு முன்னால் மரியாதைக்கு மா போட்டுத்தான் அவர் கூப்பிடுவார்.

"அப்புறம் ஏன் விடலே?"

"விட்டா ஒனக்கு மொகம் போயிரும். தள்ளுனா அந்தப் புள்ளைக்கு அநியாயம். ரெண்டு பேரும் நம்ம புள்ளைங்க. ஆனாடேயாப் போச்சு. கொஞ்ச நாள் கெடக்கட்டும், தானா ஒரு வழி பொறக்கும்னு விட்டுட்டேன்."

"பதினோரு வருஷம் கெடந்திருக்குண்ணே."

அவர் டீயைச் சாஸரில் ஊற்றி ஆற்றினார். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இப்ப எடுத்து என்னத்துக்கு ஆகப் போவுது. ஞாயித்துக்கெழம தானா போயிருமில்ல?"

போய்விடும்தான். யாரும் தள்ள வேண்டியதில்லை, யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரும் ரயிலில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அதையே நினைத்தாள். பழைய பைதானுக்கு ஒரு குணம் உண்டு. கையில் கொடுத்த எழுத்து தமிழா பர்மியமா, நல்லதா கெட்டதா என்று பார்க்காது, மூட்டையைப் பிரிக்காமல் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். புதியது அப்படியில்லை. இது என்ன எழுத்து, சொல், சொன்னால்தான் எடுப்பேன் என்று வாசலிலேயே நிற்கும். இத்தனை நாள் அதைப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது உதயசூரியன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் முடியவில்லை. அந்த மனிதர் ஒன்றும் செய்யாததால் பதினோரு வருஷமாகப் பலன் அடைந்தவள் அவள்தானே.

வெள்ளியும் சனியும் அவள் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. அந்தக் கடிதத்தை வெளியே விட ஒரு சொடுக்குப் போதும். ஆனால் குழுவில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேர் புதியவர்கள், அவர்களுக்கு ருக்சாரைத் தெரியாது. அவள் இப்போது எங்கே எப்படி இருக்கிறாளோ, பழைய புண்ணைக் கிளறியதாக ஆகிவிடாதா? அவள் மனம் நோகக் கூடாதே. இப்படி அடுக்கடுக்காகக் காரணம் வந்தது. காரணத்துக்கு ஊரில் பஞ்சமா? பயம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்ததும் கடைசியாக ஒரு தடவை வரிசையைத் திறந்தாள். குப்பையெல்லாம் போய், உண்மையான கடிதங்கள் ஏழு மிஞ்சியிருக்க வேண்டும். ஆறுதான் இருந்தன. பதிவேட்டைப் பார்த்தாள். வெள்ளி காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்: அனுப்பியவரே கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

முதலில் வந்தது நிம்மதி. இதை மறைக்க வேண்டியதில்லை, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த நிமிஷமே அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது. குழுவின் பழைய கடிதங்கள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அறிவிப்பை ருக்சார் அங்கேதான் படித்திருக்க வேண்டும். பேரை எடுத்துக்கொண்டு போனவள் பதினோரு வருஷமாக அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தன் கடிதம் வந்துவிட்டதா என்று பார்த்திருப்பாள். விஜயகுமாரி அழுதாள். சத்தமாகவே அழுதாள். அடுத்த வீட்டில் தொலைக்காட்சி ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை.

குறித்தபடி ஒரு மணிக்கு மாற்றம் நடந்தது. திங்கட்கிழமை காலை புதிய மென்பொருளில் முதல் கடிதத்தை விஜயகுமாரி எழுதினாள். ருக்சாரின் கடிதம் போய்விட்டது, ஆனால் அதைப் படித்தவள் இருக்கிறாள். ருக்சார் அரைப் பக்கத்தில் சொன்னதைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு அதைவிடக் குறைவான இடமே தேவைப்பட்டது.

"2014இல் பர்மிய மொழிபெயர்ப்பு சிதைந்ததற்குக் காரணம் நான் எழுதிய நிரல். பழியை ருக்சார் மேல் போட்டேன். அவர் அப்போதே விளக்கம் எழுதினார், அது உங்களை வந்து சேரவில்லை. போன புதன்கிழமை அதைப் படித்தேன், நான்கு நாள் சும்மா இருந்தேன். ருக்சாரிடம் உங்கள் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நிரலை இணைத்திருக்கிறேன், பதினாலாம் வரி."

உதயசூரியன் பெயரை எழுதிப் பிறகு எடுத்துவிட்டாள். அவர் பங்கை அவர்தான் சொல்ல வேண்டும். ருக்சாரின் பழைய முகவரிக்கும் ஒரு பிரதி போட்டு அனுப்பினாள்.

பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது பதில்கள் வந்தன. புதியவர்கள் பதினாலாம் வரியைத் திருத்தி அனுப்பியிருந்தார்கள். உதயசூரியன், "நானும் ஒரு தப்பு செய்தேன், நாளைக்கு எழுதுகிறேன்" என்று ஒரு வரி போட்டிருந்தார். பத்தாவதாக வந்தது ருக்சாருடையது, குழுவுக்கு இல்லாமல் இவளுக்கு மட்டும்.

"படிச்சேன், விஜி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் லெட்டர் அங்கேயே கெடந்திருந்தா நீ விட்டிருப்பியா?"

விஜயகுமாரி நீளமாக எழுத ஆரம்பித்தாள். ஞாயிறு காலை வரிசையைத் திறந்தது அதற்காகத்தான் என்று எழுதினாள். படித்துப் பார்த்து அழித்தாள். யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதி அதையும் அழித்தாள். கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு சொல்லை மட்டும் அனுப்பினாள்.

"மாட்டேன்."

பதில் உடனே வந்தது.

"தெரியும். அதனாலதான் எடுத்தேன். என் நியாயம் இன்னொரு தடவை உன் கையில வந்து நிக்க வேணாம்னு. நீயா எழுதுவேன்னு நான் நெனைக்கவே இல்ல."