அண்ணன் அழைத்த ஞாயிற்றுக்கிழமை

லண்டனில் குரோய்டனுக்குப் பக்கத்து மேட்டில் இருக்கும் அந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று சொன்னது கிருசாந்தனின் அண்ணன் தவராசாதான். இரண்டு குடும்பமும் ஒன்றாக வெயிலில் இருந்து கனகாலம் என்று இல்ஃபோர்ட்டிலிருந்து போனில் சொன்னார். சிறுநீரக மாற்றுக்கு ஆஸ்பத்திரி நாள் குறித்திருந்தது. அதற்கு முன் பிள்ளைகளோடு ஒரு பொழுது என்றுதான் கிருசாந்தனும் மனைவி லக்‌ஷிகாவும் நினைத்தார்கள்.

கிருசாந்தனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. ஒன்றுவிட்டொரு நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்யப் போவான்; குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. லக்‌ஷிகாவுக்கு நீரிழிவு இருந்ததால் அவளுடையதை மருத்துவர்கள் ஏற்கவில்லை. அண்ணனுடையது பொருந்தியது; தருவதாக அவரும் ஒப்புக்கொண்டிருந்தார்.

முன்னொரு காலத்தில் பணக்காரர்கள் குதிரை வண்டியில் வந்து, நோய் தீரும் என்று ஊற்றுநீர் குடித்த இடம் அந்தப் பூங்கா. இப்போது ஊற்றின் வாயைக் கம்பி போட்டு மூடியிருந்தார்கள். சரிவில் படிப்படியாகப் பூப்பாத்திகள். கீழே குளத்தில் மிதிபடகுகள், கரையைச் சுற்றி ஒரு குட்டி ரயில். பிள்ளைகள் அதை நோக்கி ஓடினார்கள். ஊற்றின் கதை எழுதிய பலகையை வாசித்துவிட்டுக் கிருசாந்தன் சிரித்தான்.

"இஞ்ச வந்து வயிறு முட்டத் தண்ணி குடிச்சிருக்கினம். எனக்கெண்டா அரைக் கோப்பைக்கும் கணக்கு."

அண்ணன் சிரிக்கவில்லை. அவனைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஒரு வாங்கிலில் உட்காரவைத்தார். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்த லக்‌ஷிகா, அவர் தோள் குலுங்குவதைக் கண்டு கிட்டப் போனாள்.

"எனக்கு ஏலாது தம்பி," என்றார் தவராசா. "ஒப்பரேசன் மேசையில கிடக்கிறதை நினைச்சாலே நெஞ்சை அடைக்குது. நான் எழும்பாட்டி என்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

கிருசாந்தன் அண்ணனின் தோளில் கை வைத்தான். "சரி அண்ணை. இவ்வளவு பயத்தோட உங்களை வரச்சொல்லி நான் கேக்கமாட்டன்," என்றான்.

பிறகு எழுந்து, அண்ணனின் கடைக்குட்டி ரஞ்சனாவோடு படகில் ஏறினான். கொஞ்சத் தூரத்திலேயே அவன் கால்கள் ஓய்ந்துவிட்டன. மிச்சத்தைச் சின்னவளே மிதித்துக் கரை சேர்த்தாள். லக்‌ஷிகாவின் கையில் ஐஸ்கிரீம் உருகி வழிந்துகொண்டிருந்தது.

திரும்பும் வழியில் அவள் அழுதாள். "அண்ணையோட கோவிக்காதையும்," என்றான் அவன்.

அது அவளால் முடியவில்லை. தவராசாவின் போனை அவள் எடுக்கவேயில்லை. வேறு சிறுநீரகம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வரவில்லை. மாசி மாதம் ஒரு காலை, இயந்திரத்தின் பக்கத்திலேயே கிருசாந்தனின் இதயம் நின்றுபோனது.

செத்தவீட்டுக்கு வந்த தவராசா மண்டபத்துக்குள் வராமல் கார் நிறுத்துமிடத்தில் மழையில் நின்றார். அவரைக் கண்டால் கேட்பதற்கென்று லக்‌ஷிகா எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். வெளியே போனவள் தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள்.

"உள்ள வாங்கோ அத்தான். பெட்டி தூக்க ஆள் காணாது."

தூக்க ஆட்கள் தாராளமாக இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அவள் அவரை மன்னித்திருக்கவில்லை. ஆனால் தம்பியின் கடைசிப் பயணத்தில் அவரை மழையில் நிற்க விட அவளுக்கு மனம் வரவில்லை. தவராசா தலை குனிந்தபடி உள்ளே போய், முன்பக்கத்தில் தோள் கொடுத்தார்.